கை எலிப்பொறி ஆகக்கூடாது: வளர்ப்பு எலியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

எலிப்பொறி எப்படி வேலை செய்கிறது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கம்பியில் மசால்வடையோ தேங்காய்ச் சில்லோ மாட்டியிருக்கும். எலி வந்து அதைக் கடித்து இழுக்கும், கதவு விழும். புதிதாக எலி வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர், தாங்கள் அறியாமலேயே, இதே வேலையைத் தங்கள் கையால் செய்கிறார்கள். ஒரு துண்டு வாழைப்பழத்தைக் காட்டி எலியைக் கூண்டின் வாசல்வரை வரவழைக்கிறார்கள். அது பழத்தில் வாய் வைத்ததும் மறு கையால் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள். நான்கு நாளில் எலி வாழைப்பழத்தைக் கண்டாலே மூலையில் பதுங்குகிறது. இது பழகாத எலி என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது பழகாமல் இல்லை; கை என்றால் பொறி என்று மிக நன்றாகவே பழகிக்கொண்டது.

முதன்முதலாக எலி வாங்கி வந்து, அது கிட்டே வர மறுக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெருவிலோ வயலிலோ பிடித்த எலியைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றை வீட்டில் வளர்க்க முயலவே கூடாது. எலிக்காய்ச்சல் ஒன்றே போதும் அதற்குக் காரணமாக. செல்லப்பிராணிக் கடைகளில் வெள்ளையாகவும், சாம்பல் நிறமாகவும், தலை மட்டும் கறுத்து உடல் வெளுத்தும் கிடைப்பவை பழுப்பு எலியின் வளர்ப்பு வழித்தோன்றல்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில், விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், தான் பிடித்தவற்றில் விநோத நிறமுள்ளவற்றைக் கொல்லாமல் வைத்துப் பெருக்கி விற்றார். 1901இல் இங்கிலாந்தின் தேசிய சுண்டெலிச் சங்கம் தன் கண்காட்சிகளில் எலிகளுக்கும் இடம் கொடுத்தது. ஆக, நூறாண்டுகளுக்கும் மேலாக மனிதர் கையில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த விலங்கு இது. அப்படியும் அதன் உடம்பு இன்னும் ஓர் இரை விலங்கின் உடம்புதான். மேலிருந்து இறங்கும் நிழல் அதற்குப் பருந்தின் நிழல்.

எலிக்கு நம்பிக்கை என்றால் என்ன?

நம்பிக்கை என்ற சொல்லை நாம் அன்போடு சேர்த்தே நினைக்கிறோம். எலியின் பக்கமிருந்து பார்த்தால் அது இன்னும் எளிமையானது: "அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதில் ஆபத்து இல்லை" என்ற கணிப்பு. இந்தக் கணிப்பு ஒரே நாளில் வராது. ஒரே மாதிரியான நல்ல முடிவு பல தடவை வந்தால்தான் வரும்.

காவிரி டெல்டா விவசாயிகளுக்கு எலியின் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். புதிய தீனியை எலி முதலில் துளியளவே கொறித்துப் பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தத் தீனியை அப்புறம் தொடாது. அதனால்தான் வயலில் ஜிங்க் பாஸ்பைடு வைப்பதற்கு முன் ஓரிரு நாட்கள் நஞ்சு கலக்காத தீனியை அதே இடத்தில் வைத்துப் பழக்குகிறார்கள். எலியை ஒழிப்பதற்காகக் கண்டறிந்த வழி இது. எலியோடு வாழ விரும்பும் நாமும் இதே வழியில்தான் நடக்கப்போகிறோம். நம் பக்கம் ஒரே ஒரு வேறுபாடு: நஞ்சு வைக்கும் நாள் வரவே கூடாது. கை பத்து முறை தீனி கொடுத்து, பதினோராவது முறை அமுக்கிப் பிடித்தால், எலியின் நினைவில் முதலில் நிற்பது பதினோராவது முறைதான்.

ஆகவே அடிப்படை விதி இதுதான்: உங்களிடம் வரும் எலி, விரும்பினால் திரும்பிப் போகவும் முடிய வேண்டும். போக முடிந்த எலிதான் மறுபடி வரும்.

அசையாத எலி அமைதியான எலி அன்று

எலி வளர்ப்பவர்களிடையே நெடுநாளாக இருக்கும் ஒரு கருத்து வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சாரார், தினமும் எலியைக் கையிலெடுத்து, அது திமிறினாலும் விடாமல் இருபது நிமிடம் மடியில் வைத்திருக்கச் சொல்வார்கள். தீங்கு எதுவும் நடக்கவில்லை என்று அது புரிந்துகொண்டு அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. மற்றவர்கள், எலி தானாக வரும்வரை தொடவே வேண்டாம் என்பார்கள்.

எலி நான்கைந்து வாரக் குட்டியாக இருந்து, பிறந்ததிலிருந்தே மனிதக் கை பட்டு வளர்ந்திருந்தால், முதல் சாரார் சொல்லும் வழி பெரிய தீங்கு செய்யாது. அந்த வயதில் அச்சத்தைவிட ஆர்வம் பெரிது. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் எலிகள் பெரும்பாலும் அப்படி வளர்ந்தவை அல்ல. பல எலிகள் பாம்புத் தீனிக்காகவோ ஆய்வுக்கூடத்துக்காகவோ கூட்டமாக வளர்க்கப்பட்டு, ஒருவர் கையும் அன்போடு படாமல் வந்து சேர்ந்தவை. அவற்றை மடியில் அழுத்தி வைத்தால் பத்து நிமிடத்தில் அடங்கும்தான். அந்த அடக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். கண் விரிந்திருக்கும். உடம்பு கல்லாக இருக்கும். மூக்கும் மீசையும் ஆடாது. நல்ல நிலையில் உள்ள எலியின் மீசை சும்மா இருக்கவே இருக்காது. எந்நேரமும் முன்னும் பின்னும் துழாவிக்கொண்டே இருக்கும். அச்சத்தை ஆராயும் அறிவியலாளர்கள், எலி எத்தனை விநாடி உறைந்து நிற்கிறது என்பதையே அச்சத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மடியில் நாம் "சமர்த்து" என்று கொஞ்சுவது பல நேரம் அந்த உறைவைத்தான்.

இதில் என் கருத்து உறுதியானது. வளர்ந்த எலியையும் பயந்த எலியையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அதற்காக மாதக்கணக்கில் கூண்டைத் தொடாமல் காத்திருப்பதும் உதவாது. அப்போது எலி உங்களைப் பற்றி எதுவுமே கற்பதில்லை. தினமும் எதிரே உட்கார வேண்டும், தினமும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும், பதிலை அதனிடம் விட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு துணை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது மனிதர் குடித்தனத்துக்குச் சொன்ன பழமொழி. எலிக்கு அது பொருந்தாது. வளர்ப்பு எலி ஒரே பாலைச் சேர்ந்த இன்னொரு எலியோடாவது வாழ வேண்டும். தனியாக இருந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று சிலர் சொல்வது தவறு. தனி எலி எந்நேரமும் காவல் காக்க வேண்டிய எலி. துணையுள்ள எலிக்கு அச்சம் குறைவு, ஆகவே துணிவு கூடுதல். 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், குழாய்க்குள் அடைபட்ட கூட்டாளியை எலிகள் கதவைத் திறந்து விடுவித்தன. பக்கத்தில் சாக்லெட் இருந்தபோதும் கூட்டாளியையும் விடுவித்து, பெரும்பாலும் அதைப் பகிர்ந்து தின்றன. இப்படிப்பட்ட விலங்கைத் தனியே அடைத்துவிட்டு நம்பிக்கை பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஆணா பெண்ணா என்று கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்தாறு வாரத்திலேயே அவை குட்டி போடும் பருவத்தை எட்டிவிடும்.

துணை இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. எலிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கும். கூட்டாளியின் மூச்சில் வரும் உணவு மணத்தை முகர்ந்தே "இது தின்னத் தக்கது" என்று முடிவு செய்யும். என்னிடம் இருக்கும் இரண்டில் மிளகு துணிச்சல்காரி. கண் சிவந்த வெள்ளை எலியான குன்றி பயந்தவள். முதல் மாதம் முழுவதும் நான் பழக்கியது மிளகை மட்டுமே. குன்றியைப் பழக்கியது மிளகு.

நாட்கள் எப்படி நகர வேண்டும்?

முதல் இரண்டு நாள் தொடாதீர்கள். கூண்டைத் தரையில் வைக்காமல், ஆள் நடமாட்டமுள்ள அறையின் ஓர் ஓரத்தில் மேசை உயரத்தில் வையுங்கள். உள்ளே ஒளிய ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம். அந்தப் பெட்டிக்குள் உங்கள் கை ஒருபோதும் போகக்கூடாது. உறங்கும் இடத்திலிருந்து இழுத்து எடுக்கப்பட்ட எலிக்கு வீட்டில் பாதுகாப்பான இடம் என்று ஒன்று மிஞ்சாது. நீங்கள் ஒரு நாள் உடுத்திய பழைய பருத்தித் துணியைக் கிழித்து உள்ளே போடுங்கள். அதை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் சேர்த்துக்கொள்ளும். உங்கள் மணத்தோடு உறங்கிப் பழகும்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எலி சுறுசுறுப்பாகும். பகலில் தட்டி எழுப்பாதீர்கள். அதிலும் சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலில் அது சோர்ந்து கிடக்கும்; எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, வால்வழியாக உடல் சூட்டை வெளியே விடும். மாலையில் கூண்டின் அருகே உட்கார்ந்து எதையாவது தாழ்ந்த குரலில் வாசியுங்கள். நாம் கேட்க முடிந்தது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை. எலி கேட்பது 80 கிலோஹெர்ட்ஸ் வரை. குக்கர் விசிலும் மிக்ஸியும் தினமும் கேட்பதால் மெல்ல மெல்லப் பழகிவிடும். தீபாவளி வெடி பழகாது. அந்த நாட்களில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, பழக்கும் வேலையை நிறுத்திவையுங்கள்.

மூன்றாம் நாள் கரண்டியை எடுங்கள். உப்பும் சர்க்கரையும் இல்லாத தயிரைச் சிறு கரண்டியின் நுனியில் தொட்டு, கூண்டின் திறந்த கதவு வழியே நீட்டுங்கள். பொரி, பட்டாணி போன்ற காய்ந்த தீனி ஏன் கூடாது என்றால், எலி அதைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடிப் பதுக்கிவிடும். உங்களுக்கும் அதற்கும் நடந்த சந்திப்பு ஒரு விநாடியில் முடிந்துபோகும். தயிரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அங்கேயே நின்று நக்கியாக வேண்டும். நக்கும் அந்த அரை நிமிடம், "இந்த மனிதர் பக்கத்தில் இருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை" என்று அதன் உடம்பு கற்கும் அரை நிமிடம். இந்த ஒரு சின்ன வேறுபாடு பல வார உழைப்பை மிச்சப்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். கம்பி இடுக்கு வழியாக எதையும் ஊட்டாதீர்கள். இடுக்கு வழியே வருவதெல்லாம் தீனி என்று பழகிய எலி, நாளை வீட்டுக் குழந்தை விரலை நீட்டினால் அதையும் கடிக்கும்.

கரண்டிக்குத் தயங்காமல் வரத் தொடங்கியதும் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிப் பிடியுங்கள். ஒரு நாள் கரண்டி இல்லாமல் விரல் நுனியில் தயிர் இருக்கும். அதற்கு முன் கையைக் கழுவ மறக்கக்கூடாது. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். மீன் குழம்பு மணக்கும் விரல் எலிக்கு மீன்தான். பல்லால் சோதித்துப் பார்ப்பதில் அதன் தவறு எதுவுமில்லை. பூனையைத் தடவிய கையோடு போனால் எலி பெட்டியை விட்டே வராது.

கையை எப்போதும் பக்கவாட்டில், தாழ்வாக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். மேலிருந்து இறக்காதீர்கள். குன்றி போன்ற சிவந்த கண் எலிகளுக்குப் பார்வை மிகவும் மங்கல்; தூரத்தைக் கணிக்கத் தலையை இடமும் வலமுமாக ஆட்டிப் பார்க்கும். அவற்றிடம் கையைக் கொண்டுபோகும் முன் குரல் கொடுங்கள். தினமும் ஒரே சொல் போதும்.

பிறகு உள்ளங்கையில் ஏறும், முழங்கைவரை நடக்கும், திரும்பி ஓடும். ஓடட்டும். அடுத்து கன்னத்தையும் காதுக்குப் பின்னாலும் ஒரு விரலால் தொட்டுப் பார்க்கலாம். தூக்குவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். ஒரு கை மார்புக்குக் கீழே, மறு கை பின்பாகத்துக்குக் கீழே, நான்கு கால்களுக்கும் பிடிமானம் இருக்க வேண்டும். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்கக்கூடாது. வாலின் தோல் உரிந்து வந்துவிடும். முதல் சில தடவை ஒரு கை உயரம் தூக்கி, மூன்று விநாடியில் இறக்கி விட்டு, தயிர் கொடுங்கள். அது துள்ளுவதற்கு முன்பே இறக்கிவிடுவதுதான் இதில் உள்ள திறமை.

இதோடு கூடவே, இடுக்குகளை அடைத்த ஒரு சிறிய அறையில் நீங்களும் தரையில் உட்கார்ந்து எலிகளைத் திறந்துவிடுங்கள். கையை நீட்டாதீர்கள். சும்மா உட்கார்ந்திருங்கள். மேலே ஏறும், சட்டைக்குள் நுழையும், போகிற போக்கில் ஓரிரு துளி சிறுநீர் விட்டுச் செல்லும். முகம் சுளிக்க வேண்டாம். தனக்குத் தெரிந்த இடத்துக்கு எலி இடும் மண அடையாளம் அது.

கடி, பின்னடைவு

கடியில் பல வகை உண்டு. தோலை மெல்லக் கவ்விப் பார்ப்பது கேள்வி. நகத்தைக் கொறித்து இழுப்பது கூட்டாளிக்குச் செய்யும் பணிவிடை. இரத்தம் வரக் கடிப்பது அச்சம், வலி, அல்லது வளர்ந்த ஆண் எலியின் ஆதிக்கம். முடியைச் சிலிர்த்து, பக்கவாட்டில் திரும்பி, முதுகை வளைத்து நின்றால் கையை எடுத்துவிடுங்கள், அது முன்னெச்சரிக்கை. கடித்தால் அடிக்காதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், கத்தாதீர்கள். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். வளர்ப்பு எலியின் கடியிலிருந்தும் காய்ச்சல் வரக்கூடும். நன்றாகப் பழகிய எலி திடீரென்று கடித்தால் அதற்கு எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எலியையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணோரத்திலும் மூக்கிலும் செந்நிறக் கசிவு கண்டால் இரத்தம் என்று பதற வேண்டாம். போர்பைரின் என்ற நிறமி அது. ஆனாலும் நோய்க்கோ மன அழுத்தத்துக்கோ அறிகுறியாகையால் அலட்சியம் கூடாது.

பின்னடைவு வரும். குன்றி என் உள்ளங்கையில் முதன்முதலாக நான்கு காலும் வைத்து உட்கார்ந்த மாலையில், சமையலறையில் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று விழுந்தது. ஒன்பது நாள் அவள் கைக்கு வரவில்லை. மீண்டும் நீண்ட காம்புக் கரண்டியிலிருந்து தொடங்கினேன். முதல் முறை மூன்று வாரம் பிடித்தது, இரண்டாம் முறை ஐந்து நாளில் விரல் நுனிக்கு வந்துவிட்டாள். எங்கே தயங்குகிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புவதுதான் எப்போதும் குறுக்கு வழி.

நம்பிவிட்டது என்று எப்படித் தெரியும்?

எலி உங்கள் எதிரே முகம் கழுவத் தொடங்கும். தீனியைக் கொண்டுபோய் ஒளிக்காமல் அங்கேயே உட்கார்ந்து தின்னும். உங்கள் கையை நக்கும். இன்னொன்று தமிழர்களைக் குழப்பும்: பல்லை நறநறவென்று தேய்க்கும். நம் மொழியில் நறநறவென்று பல்லைக் கடிப்பது கோபம். எலி உடம்பைத் தளர்த்தி, கண் பாதி மூடியிருக்கும்போது அது பெரும்பாலும் பரம சுகம். சில நேரம் தாடை அசைவில் கண்களே வெளியே வந்து வந்து துடிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மகிழ்ச்சியின் உச்சம் அது.

எலி சிரிக்கவும் செய்யும். நம் காதுக்கு எட்டாது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் யாக் பாங்க்செப் குழுவினர், கிச்சுக்கிச்சு மூட்டினால் எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவதைப் பதிவு செய்தார்கள். விளையாட்டின்போது எழும் அதே ஒலி. 2016இல் பெர்லினில் நடந்த ஆய்வில், உயரமான மேடையில் ஒளிவெள்ளத்தில் நிறுத்தப்பட்ட எலிகளுக்கு அதே விரல்களால் கிச்சுக்கிச்சு மூட்டியபோது அந்தச் சிரிப்பு வெகுவாகக் குறைந்துபோனது. அதே பெர்லின் குழு 2019இல் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தது. பரிசாகத் தீனி தரவில்லை. கண்டுபிடித்தால் கிச்சுக்கிச்சும் விளையாட்டும்தான். அச்சம் நீங்கிய எலிக்கு மனிதக் கையே பரிசாகிவிடுகிறது.

வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். மிளகுக்கு இப்போது இரண்டேகால் வயது. வயதான எலிகளுக்கு வருவது போலவே அவளுக்கும் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. கூண்டின் மேல்தட்டுக்கு ஏற முடிவதில்லை. மாலையில் கீழ்த்தட்டின் ஓரத்துக்கு வந்து, முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி நின்று பார்க்கிறாள். கதவைத் திறந்து கையை மட்டமாக வைத்தால் முதலில் ஒரு முன்னங்காலை வைக்கிறாள், பிறகு இன்னொன்றை. பின்பாகத்துக்கு மறு கை வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அப்படியே காத்து நிற்கிறாள்.